கழுத்தில் ஒரு குழி

1

பழைய இரும்பு போடும் ஆளுயரச் சாக்குக்குள் நாம்ஹோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தவை இரண்டு கால்களும், கிரீஸ் கறை படிந்த வேலைச்சட்டையின் கீழ்ப்பாதியும்தான். உள்ளே டப்பாக்கள் உருண்டன. ஒரு வாணலி எதன்மேலோ விழுந்தது.

"லாரி பாலத்தத் தாண்டிடுச்சாம்," என்றார் காவலாளி தாக், போனைக் காதிலிருந்து எடுத்தபடி. "வெளிய வர்றியா, இல்ல உன்னையும் சேத்து ஏத்திவிடவா?"

"இன்னும் ஒரே நிமிஷம், ஐயா."

"அப்படி என்னத்தத் தேடற?"

"சாப்பாட்டுக் குச்சி."

"உன் வீட்ல குச்சி இல்லியா? என் சம்சாரத்துகிட்ட சொன்னா ஒரு கத்தையே குடுப்பா."

"முழுக் குச்சி இல்ல. துண்டு. சுண்டுவிரல் நீளம்."

தாக் சற்று யோசித்தார். "லிஃப்ட்டுக்காரன்தானே நீ. காந்தம் வச்சிருப்பியே?"

"எவர்சில்வர். காந்தத்துல ஒட்டாது."

"அதுவும் சரிதான். நீயும் எதுலயும் ஒட்டாதவன். பொருத்தமாத்தான் தேடற."

லாரி வளைவில் திரும்பும் சத்தம் —

(இங்கே நிறுத்துகிறேன். தமிழ் வாரப் பத்திரிகைத் தொடர்களைப் படித்து வளர்ந்த புத்தி, யாரையாவது தலைகீழாகத் தொங்கவிடாமல் கதையைத் தொடங்காது. ஆனால் இந்தத் தடவை நான் கற்பனை செய்யவில்லை. அன்று வியாழக்கிழமை, எங்கள் குடியிருப்பில் குப்பை பிரிக்கும் நாள். ஒன்பதாம் மாடியிலிருந்து காலி பாட்டில்களோடு இறங்கி வந்தேன். அந்த இரண்டு கால்களைப் பார்த்தேன். கதை கிடைத்த இடம் அந்தச் சாக்குதான்.)

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கிப் பார்த்தேன். பிடிக்காதவற்றைக் கோடு போட்டு அடித்தேன், அழிக்கவில்லை. காரணம் கடைசியில் வரும்.

"சின்ன வயதிலிருந்தே நாம்ஹோவுக்கு இசை என்றால் உயிர்…" (பொய். அவனுக்கு இசை பிடிக்காது. ஸ்க்ரூ பிடிக்கும்.)

"ஒரு மலிவுக் கிடார் ஒரு மனிதனின் வாழ்க்கையை —" (வேண்டாம். எந்த வாழ்க்கையையும் அது மாற்றவில்லை. கெடுத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.)

"மல்சுன் அக்காவின் கடை வாசலில் நெத்திலிக் கருவாட்டுக்கு நடுவே அந்தக் கிடார் சாய்ந்து நின்றது." இது உருப்படும் போலிருக்கிறது. இப்படியே போகலாம்.

நாம்ஹோ போனில் விளம்பரம் பார்த்துத்தான் அந்தக் கடைக்குப் போனான். மல்சுன் அக்கா கருவாட்டுக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுக் கிடாரைத் தூக்கிக் கொடுத்தாள்.

"முன்னாடியே சொல்லிடறேன், கரண்டுல மாட்டுனா சத்தமே வராது. அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது."

"சத்தம் வராததுதான் வேணும், அக்கா."

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"ரிப்பேர் கத்துக்கணும். நல்ல கிடார்ல கைய வைக்க மனசு வராது. இது கெட்டாலும் கவலை இல்லல்ல."

"அப்படின்னா என் வீட்டுக்காரரையும் தூக்கிட்டுப் போயேன். ரிட்டயர் ஆனதுலேர்ந்து அவர்கிட்டயும் சத்தமே இல்ல."

"இது யாரோடது?"

"என் தம்பி கிபோமோடது. கப்பல்ல இருக்கான். கரைக்கு வர மாசக் கணக்காகும். இனிமே அவன் எங்கேர்ந்து வாசிக்கப் போறான்? அடைச்சலா கிடக்கு, எடுத்துட்டுப் போ."

(* 'இனிமே' என்று அவள் சொன்னதை நாம்ஹோ கவனிக்கவில்லை. அல்லது, கவனிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.)

3

ஏன் கிடார்? நானும் கேட்டேன்.

"லிஃப்ட்ல மாட்டுனவன் உள்ளேர்ந்து கத்துவான். மேனேஜர் போன்ல கத்துவான்," என்றான். "கிடார் பாட்டுக்கு மேசைல படுத்துக் கிடக்கும். எவ்வளவு நேரம் வேணா எடுத்துக்கலாம்."

வீடியோ பார்த்துக் கற்றான். உலர்ந்த பசை, உப்புத்தாள், பற்றவைக்கும் புகை என்று தனியாள் வீடு பட்டறையாக மாறியது. இவனைப் போலவே மலிவுக் கிடார் வாங்கிப் பழுது பழகும் கூட்டம் ஒன்று இணையத்தில் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். 'முன்', 'பின்' என்று இரண்டு படங்கள் போட வேண்டும். முன் எவ்வளவு அசிங்கமோ, பின்னுக்கு அவ்வளவு கைதட்டல்.

அந்த வகையில் இந்தக் கிடார் ஒரு புதையல். ஆறு தந்திக்குப் பதில் ஐந்துதான். ஒரு முறுக்காணி மொட்டையாக நின்றது. தலைப்பக்கம் தந்திகள் ஏறி உட்காரும் சின்னப் பட்டையைக் காணோம். அந்த இடத்தில் யாரோ எவர்சில்வர் சாப்பாட்டுக் குச்சியை வெட்டி, தள்ளித் தள்ளி ஐந்து பள்ளம் அராவிச் செருகியிருந்தார்கள். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கழுத்தின் பின்புறம். வழவழப்பாக இருக்க வேண்டிய மரத்தில், முட்டையை வைத்து அழுத்தி எடுத்ததுபோல ஒரு குழி.

அது எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் —

(இந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை.)

துருப்பிடித்த ஒயரை மாற்றினான். புதுப் பட்டை வைத்து ஆறாவது தந்தியைக் கட்டினான். மரத்தூளையும் பசையையும் குழைத்துக் குழியை அடைத்தான். காய்ந்ததும் தேய்த்தான், மறுபடி அடைத்தான், மறுபடி தேய்த்தான், வார்னிஷ் அடித்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் குழி எங்கே இருந்தது என்று தெரியாது. படங்களைப் போட்டான். "அண்ணனுக்குத் தங்கக் கை" என்று முகம் தெரியாத ஒருவன் எழுதியிருந்தான். அதைப் பலமுறை படித்தான்.

வியாழக்கிழமை காலை மேசையை ஒழித்து, பழைய ஆணி, கம்பி, அந்தக் குச்சித் துண்டு எல்லாவற்றையும் சாக்கில் கொட்டினான். கையைத் தட்டிக்கொண்டு திரும்பும்போது போன் அடித்தது.

4

"ஏப்பா, நான் மல்சுன் பேசறேன். கருவாட்டுக் கடை. அந்தக் கிடார் இருக்கா?"

"இருக்கே. இப்பப் பாத்தீங்கன்னா உங்களுக்கே அடையாளம் தெரியாது."

அவள் குரல் இறங்கியது.

"கப்பல் எஞ்சின்ல ஏதோ கோளாறாம். கிபோம் முன்னாடியே வந்துட்டான். வந்ததும் அலமாரியத் தெறந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. சோத்துக் கிண்ணத்தப் பாத்துட்டே உக்காந்திருக்கான்."

"அக்கா —"

"அவனுக்கு இடது கைல ரெண்டு விரல் கிடையாதுப்பா. வலை இழுக்கற மெஷின் எடுத்துக்கிச்சு. மிச்சமிருக்கற விரலுக்கு ஏத்த மாதிரி அவனே என்னென்னமோ பண்ணி வச்சிருந்தானாம். எனக்கென்ன தெரியும்? ஏதோ ஒடஞ்சு கெடக்குன்னு நெனச்சேன். அது ஒண்ணுலதான் அவனால வாசிக்க முடியும். மத்தியானம் கூட்டிட்டு வர்றேன், எடுத்த மாதிரியே குடுத்துடுப்பா."

எடுத்த மாதிரியே. அதன் பிறகுதான் அந்தச் சாக்கு.

குச்சித் துண்டு கிடைத்துவிட்டது, உங்களைக் காக்கவைக்கவில்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மடங்கிய தகரக் குழாய்க்குள்ளிருந்து உருவினான். முழங்கை கிழிந்து ரத்தம். தாக் தன் கைக்குட்டையைக் கொடுத்து, "இதத் திருப்பித் தர வேணாம், உன் மூஞ்சியப் பாத்தாலே போதும்" என்றார்.

வீட்டுக்கு ஓடினான். ஆறாவது தந்தியையும் புதுப் பட்டையையும் கழற்றினான். குச்சித் துண்டைப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தான். அவனுடைய பசையின்மேல் அது உட்கார மறுத்தது. கிடாரைக் கவிழ்த்து உளியை எடுத்தான்.

கை அப்படியே நின்றுவிட்டது. லிஃப்ட்டில் ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்கூட அளவெடுத்து வைப்பவன் அவன். குழியை அவன் அளக்கவில்லை. 'முன்' படத்தில் அது கறுப்பாக, கோணலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எவ்வளவு ஆழம்? எந்தப் பக்கம் சரிவு?

உளியைக் கீழே வைத்தான். கழற்றிய பட்டையையும் தந்தியையும் மறுபடி மாட்டினான்.

5

கிபோம் நல்ல உயரம். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போது அந்த இடது கையைப் பையில் செருகிக்கொண்டான். மல்சுன் அக்கா பின்னாலேயே ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். யாருக்கு மன்னிப்பாக அதைக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிடாரைப் பார்த்ததும், "ஆறு தந்தி" என்றான் கிபோம். "பளபளன்னு இருக்கு, அண்ணே."

உட்கார்ந்து மடியில் வைத்தான். பையிலிருந்து கையை எடுத்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கிய இரண்டு கணுக்கள். கட்டைவிரலின் அடிச்சதை கழுத்தின் பின்னால் போய் உட்காரப் பார்த்தது. வழுக்கியது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. மின்சாரம் போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகும் கை போல.

"தெரியாமப் பண்ணிட்டேன்," என்றான் நாம்ஹோ.

"இல்லண்ணே, இல்லண்ணே." கிபோம் பதறிப்போனான். "தெரியாமப் பண்ணதுக்கு என்ன செய்ய முடியும்? சாதாரண ஆளுக்கு அது ஓட்டைதானே. கடைல குடுத்தாக்கூட இப்படி வராது."

"மறுபடி செதுக்கிடலாம். நீங்க கைய வச்சுக் காமிங்க, நான் —"

"செதுக்குனது கொஞ்சம்தாண்ணே. மிச்சமெல்லாம் தேஞ்சது. கப்பல்ல வேற வேலை என்ன? கரண்டு கூட வேணாம், சும்மா வச்சுத் தட்டிட்டே இருப்பேன். இந்தத் தடவைதான் உப்புக் காத்துல வீணாப் போயிடும்னு வீட்ல பத்திரமா வச்சுட்டுப் போனேன்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாம்ஹோ குச்சித் துண்டை நீட்டினான்.

"அட, இத வச்சிருந்தீங்களா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "இது என் கல்யாணத்துக்கு வாங்குன குச்சிடா. ஜோடி எங்கன்னு இன்னமும் தேடிட்டிருக்கேன், களவாணி."

கிபோம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கிடாரைச் சுவரோரம் சாய்த்தான். "ஆறு தந்தில வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுங்கண்ணே" என்று தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

6

எங்கே முடிப்பது?

முடிவு ஒன்று: நாம்ஹோ புதுக் கழுத்து வாங்கி, கிபோமின் கையைக் களிமண்ணில் அச்செடுத்து, அச்சு அசலாகச் செதுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். துறைமுகத்தில் இசை. (அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகம்.)

முடிவு இரண்டு: கிபோம் வாசலில் திரும்பி நின்று, நாம்ஹோவின் சட்டையைப் பிடித்து —

(இல்லை. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அடித்திருந்தால் நாம்ஹோவுக்கே நிம்மதியாக இருந்திருக்கும்.)

முடிவு மூன்று: எஞ்சின் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை கப்பல் கிளம்புகிறது. அதற்குள் நாம்ஹோ துறைமுகத்துக்குப் போவானா, மாட்டானா? போனால் என்ன சொல்வான்? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படி உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் பாத்திரத்தின் மேலேயே ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. தெரியாமல் செய்தான். மன்னிப்பும் கிடைத்துவிட்டது. பிறகும் ஏன் அந்தக் கிடாரைத் துணிபோட்டு மூடி வைத்திருக்கிறான்? இணையத்தில் போட்ட படங்களை ஏன் எடுத்துவிட்டான்? லிஃப்ட்டில் என்னைப் பார்த்தால் ஏன் மாடி எண்களையே முறைத்துக்கொண்டு நிற்கிறான்?

7

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பன்றிக்கறி சூப் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மேலே நீங்கள் படித்ததையெல்லாம், ஆறாவது பகுதியின் சந்தேகத்தை மட்டும் விட்டுவிட்டு, அவனுடைய மொழியில் சொல்லிக் காட்டினேன். சோற்றைச் சூப்பில் கரைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சாக்கில் தொங்கிய இடத்தில் லேசாகச் சிரித்தான். 'அவனுக்குத் தெரியாது' என்று வந்தபோது கரண்டி நின்றது.

நான் முடித்ததும், "நல்லாத்தான் அடைச்சிருக்க, எழுத்தாளரே," என்றான். "தடவிப் பாத்தாக்கூடத் தெரியாது."

அதற்குப் பிறகு அவன் சொன்னதைக் கேட்டும் மேலே உள்ள ஒரு வரியைக்கூட நான் திருத்தவில்லை. அடித்தவை, பாதியில் விட்டவை, நான் பூசி மெழுகியவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. திருத்தித் திருத்தி வழவழப்பாக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. மூன்றாவது முடிவு இன்னும் உங்கள் கையில்தான். திங்கட்கிழமைக்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நாம்ஹோ சோஜு மது பாட்டிலைத் தன் பக்கம் இழுத்தான். இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கினான். மிச்ச விரல்களால் பாட்டிலின் கழுத்தை, கிடாரின் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். பழகிய பிடி.

"போட்டோவுக்கு ஒரு நல்ல குழி தேவைப்பட்டுச்சு," என்றான். "வாங்குன அன்னிக்கே இந்த மாதிரி விரல மடக்கி வச்சுப் பாத்தேன். கட்டைவிரல் அந்தக் குழியில கச்சிதமா உக்காந்துச்சு."