சந்துக்குள் குடை பிடிக்கும் முறை

பாலத்தின் நாலாவது படியில் உட்கார்ந்து பீட்சா தின்றுகொண்டிருந்த இரண்டு பேரை எழுப்பும்போது நிவெஸின் குரலில் அன்று சுரத்தே இல்லை. மஞ்சள் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெனிஸுக்கு வருகிறவர்களுக்கு வழி முறை சொல்வதுதான் ஆறு வருடமாக அவள் வேலை. பாலத்துப் படியில் உட்காராதீர்கள், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போக வேண்டும். புறாவுக்கு ரொட்டி போடாதீர்கள். படகு பஸ்ஸில் ஏறினால் முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். சந்தில் வலது ஓரமாக நடங்கள், படம் எடுக்க வேண்டுமானால் ஒதுங்கி நில்லுங்கள். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்வாள். தூக்கத்திலும் சொல்வதாக அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது கேலி செய்வான்.

அன்று காலை மீன் வாங்கப் போனபோதுதான் யோலாண்டா அந்தச் செய்தியைச் சொன்னாள். யோலாண்டாவின் மீன் கடைக்கு வராத செய்தி அந்தப் பேட்டையில் கிடையாது.

"நாளைக்கு விடிஞ்சதும் உன் தம்பி கிளம்பறான், தெரியும்ல? சாமானெல்லாம் படகுல ஏத்தியாச்சு. தோரினோ ஊருல மக வீட்டோடயே இருந்துடப் போறானாம்."

"போகட்டும். எனக்கென்ன."

"ஒம்போது வருஷம் ஆச்சு, நிவெஸ். நீதான் பெரியவ."

"தப்பு செஞ்சவன் அவன். அவன் வரட்டும்."

"அது சரி, ஊருக்குத்தான் உபதேசம்" என்று மத்தியைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு யோலாண்டா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அம்மா போனபிறகு மாடி வீடு தம்பி கஸ்தோனேவுக்கு என்றும் கீழ் வீடு நிவெஸுக்கு என்றும் பிரிந்தது. அவன் வேறு வீட்டில் குடியிருந்துகொண்டு மாடியைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டான். விடியற்காலையில் பெட்டிச் சக்கரங்கள் அவள் தலைக்கு மேல் உருண்டன. ஒருநாள் ஒயின் கடையில் பத்துப் பேர் நடுவில், "அம்மா செத்த கட்டில்ல ஊரான் படுக்கறதுக்கு வாடகை வாங்கற நீயெல்லாம் ஒரு பிள்ளையா" என்று கேட்டுவிட்டாள். அவன் கிளாஸை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்: "வர்றவங்க இல்லேன்னா உன் கடையில நீ விக்கற கண்ணாடி மணியை யாருக்குக்கா விப்பே? எனக்கா?" கேட்டவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னது உண்மை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு கண்ணாடி மணிக் கடையை மூடிவிட்டு இந்த மஞ்சள் சட்டைக்கு வந்ததும் அதே உண்மையை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. அந்த ஒயின் கடைச் சண்டையோடு பேச்சு நின்றது.

வெயில் நாளில் எதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். மழை நாளில்தான் சங்கடம். பாலத்தடியில் தொடங்கும் அந்தச் சந்து ஒரு கட்டில் அகலம்கூட இராது. இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று உயர வேண்டும், மற்றது தாழ வேண்டும். ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட அது கை பழகிய விஷயம். அக்காளும் தம்பியும் அச்சில் வார்த்தது போல ஒரே உயரம். அதனால் தூரத்தில் பார்த்ததுமே யாராவது ஒருவர் திரும்பி, இரண்டு பாலம் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்பது வருட மழையில் எத்தனை தடவை அப்படிச் சுற்றியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

பதினோரு மணிக்குத் தூறல் பிடித்து, பெரிய மழையாகவே இறங்கியது. ஹாலந்திலிருந்து வந்த இளம் தம்பதி, தென்னை மரங்கள் போல உயரமானவர்கள், ஒரு பெரிய குடையோடு சந்துக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டார்கள். எதிரே காய்கறிப் பையோடு வந்த கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நிவெஸ் தன் குடையோடு ஓடிப் போனாள்.

"குடையைத் தூக்குங்க. நல்லா மேல. உயரமானவங்க தூக்கணும், குள்ளமானவங்க தாழ்த்தணும். அவ்வளவுதான்."

கிழவர் தன் குடையைத் தாழ்த்தித் தாண்டிப் போனார். அந்தப் பெண்ணுக்கு முறை பிடித்துவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே உயரமா இருந்தா?" என்று கேட்டாள்.

"யாராவது ஒருத்தர் முந்திக்கணும்" என்றாள் நிவெஸ்.

"எதிராளி முந்தலேன்னா?"

நிவெஸ் பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். சந்தின் அந்தக் கோடியில் ஒரு கறுப்புக் குடை திரும்பியது. நடையைப் பார்த்தே தெரிந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தான். அது எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவனும் பார்த்துவிட்டான். நின்றான். இப்போது திரும்பினால் இதுதான் கடைசி என்று அவளுக்குப் பட்டது. தோரினோவுக்கு அவள் போகப் போவதில்லை. அவனும் இனி இந்தச் சந்துக்கு வரப் போவதில்லை. பின்னால் அந்த ஹாலந்துப் பெண் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான்" என்று முணுமுணுத்துவிட்டு நிவெஸ் நடந்தாள்.

அவனும் நடந்தான். ஐந்தடி இருக்கும்போது அவள் குடையைத் தலைக்கு மேல் முழுக்கை நீட்டி உயர்த்தினாள். அதே நொடியில் அவனும் உயர்த்தினான். இரண்டு குடைகளும் மேலே முட்டி, தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் இருவர் தலையிலும் சரிந்தது. நிவெஸ் இழுத்தாள். வரவில்லை.

"அசையாதக்கா" என்றான் கஸ்தோனே. "கம்பி மாட்டிக்கிச்சு."

"நான் எங்கடா அசையறேன். நீதான் இழுக்கற."

"நீ தாழ்த்தியிருக்கணும்."

"நீ தாழ்த்தியிருக்க வேண்டியதுதானே."

அவன் மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது. முகம் அப்பாவின் முகமாகவே ஆகிவிட்டிருந்தது. அழுகிறாளா என்று யாரும் கேட்க முடியாத அளவுக்கு அவள் முகமும் நனைந்திருந்தது.

"எத்தனை மணிக்கு வண்டி?" என்றாள்.

"ஏழே கால்."

இரு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வழி விடும்படி யாரோ குரல் கொடுத்தார்கள். ஹாலந்துப் பெண் தன் புருஷனிடம் ஏதோ சொல்ல, அவர்களும் தங்கள் குடையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள். மாட்டிக்கொண்ட இரண்டு குடைகளும் சுவருக்குச் சுவர் ஒரே கூரையாக விரிந்திருந்தன. சட்டைக்கைக்குள் மழைநீர் முழங்கைவரை வழிந்து இறங்கியது. நிவெஸ் கையைத் தாழ்த்தவில்லை.