தொட்டிக்குத் தெரியாது

என் மகள் பால் குடிக்கும் முறைக்கு வேறொருவர் ஏற்கெனவே காப்புரிமை வாங்கியிருக்கிறார் என்று புதன்கிழமை பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. மூன்று முறை இழுப்பது, ஒருமுறை நிறுத்துவது, மூக்கால் மூச்சு விடுவது, மறுபடி மூன்று முறை இழுப்பது. இதற்கு ‘இடைநிறுத்தத் துடிப்பு முறையில் திரவம் கடத்தல்’ என்று பெயர். உரிமை பெற்றவர் சிங்காநல்லூரில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் ஆறுச்சாமி. அவர் விண்ணப்பம் கொடுத்தது மார்ச் நான்காம் தேதி. தாரிகா பிறந்தது மார்ச் பத்தொன்பது. பதினைந்து நாள் தாமதித்துவிட்டாள்.

கடிதத்தில் இரண்டு வழிகள் சொல்லியிருந்தார்கள். பதினைந்து நாட்களுக்குள் குழந்தை வேறு முறையில் குடிக்கப் பழக வேண்டும். இல்லாவிட்டால் விசாரணை நடக்கும், அதில் மீறல் உறுதியானால் குழந்தையை ‘மீறும் கருவி’ என்று வகைப்படுத்தி, சீல் வைத்து, அலுவலக ஸ்டோரில் வைப்பார்கள். ஸ்டோர் காற்றோட்டமானது என்று கீழே சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

என் கணவர் ரங்கராஜ் மோட்டார் வைண்டிங் பார்க்கிறவர். காப்புரிமைக் கடிதங்கள் அவருக்குப் புதிதல்ல. சாப்பிட்டுக்கொண்டே படித்தார்.

“ஸ்டோர்ல எலி இருக்குமாங்க?” என்று கேட்டேன்.

“கவர்மெண்ட் ஸ்டோர்ல எலி இல்லாமயா நளினா?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சின்ன எலியாத்தான் இருக்கும். சும்மா எல்லாத்துக்கும் பயந்துக்காத” என்றார்.

எங்கள் வீதியில் இதெல்லாம் வழக்கம்தான். பக்கத்து வீட்டு விசாலாட்சி அக்கா காபி ஆற்றும் முறை ஒரு நாமக்கல்காரருடையது. ஒன்றரை அடி உயரம் வரை அக்கா ஆற்றலாம். அதற்கு மேல் டம்ளர் போனால் கூரையில் பொருத்திய லேசர் சென்சார் காபியின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். அக்கா கையைத் தாழ்த்திக்கொள்வார். மாடி வீட்டுக்காரர் தும்முவதற்கு முன்பு ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடுகிறார். யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. ஆனால் அவர்கள் யாரையும் ஸ்டோரில் வைப்பதாகச் சொல்லவில்லை.

அன்றைக்கே பழக்க ஆரம்பித்தேன். ஸ்பூனால் கொடுத்துப் பார்த்தேன். ஸ்பூன் முறை பெங்களூரில் ஒரு நிறுவனத்திடம் இருந்தது. பாலாடைச் சங்கில் புகட்டுவதைத் திருப்பூர்க்காரர் ஒருவர் வாங்கியிருந்தார். பஞ்சில் நனைத்துப் பிழிவது மட்டும் யாரிடமும் இல்லை, ஆனால் அதில் பசி அடங்காது. இரண்டு முறை இழுத்ததும் நானே விலக்கிப் பார்த்தேன். தாரிகா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூன்றாவது இழுப்பைக் காற்றிலேயே இழுத்துக்கொண்டாள். அவளுக்கு எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.

ஆறாம் நாள் காப்புரிமை அலுவலகத்திலிருந்து அளவை அதிகாரி மயில்சாமி வந்தார். ஒல்லியானவர், தோளில் லேசர் நிறுத்தும் முக்காலி, கையில் பெட்டி. அவர் உள்ளே வந்ததும் என்னையறியாமல் எழுந்து நின்று “குட் மார்னிங் சார்” என்றேன். கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் படித்தவர்களின் கால் அப்படித்தான்.

“உக்காருங்க அம்மிணி. பாப்பாவுக்கு எப்பப் பசிக்கும்?”

“இப்பவேங்க.”

அவர் வாசல்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தலைக்கு மேல் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து, அதில் பட்டுத் திரும்பும்படி லேசரைச் சரிசெய்தார். மரியாதையானவர். தாரிகாவின் தொண்டைக்குழியில் கடுகளவு சிவப்புப் புள்ளி விழுந்தது. அது கண்ணில் பட்டுவிடுமோ என்று என் உள்ளங்கையால் அவள் முகத்தை மறைத்தபடியே இருந்தேன். பெட்டியிலிருந்து ஒரு காகிதம் நீளமாக வந்தது. மூன்று மேடு, ஒரு பள்ளம், மூன்று மேடு, ஒரு பள்ளம்.

“அச்சு அசலா ஆறுச்சாமியண்ணன் பம்ப்பேதானுங்க” என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிறகு பாரத்தை நிரப்பினார். அதில் ‘திரவ மூலம்’ என்று ஒரு கட்டம். கிணறு, ஆழ்துளைக் கிணறு, தரைத்தொட்டி, மேல்நிலைத் தொட்டி என்று நான்குதான் இருந்தன. மயில்சாமி பேனாவால் நெற்றியைச் சொறிந்தார்.

“நீங்க பாப்பாவுக்கு மேலதானுங்களே இருக்கறீங்க?”

“ஆமாங்க.”

என்னை மேல்நிலைத் தொட்டி என்று குறித்துக்கொண்டார். கொள்ளளவு கேட்டார். தெரியாது என்றேன். ‘தெரியாது’ என்றே எழுதினார்.

போகும்போது காப்புரிமையின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். நாற்பத்தியொரு பக்கம். எங்கள் சிஸ்டர் பெர்னதெத் பரீட்சை ஹாலில், “கேள்வியை ரெண்டு தரம் படிக்காதவள் பேனாவைத் தொடக் கூடாது” என்பார். ஒருமுறை படித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை படிக்கும்போது பக்கம் முப்பத்தி மூன்றில், ஏழாவது கோரிக்கையில் இப்படி இருந்தது: ‘மேற்சொன்ன அமைப்பில் தொட்டியானது, கடத்தியின் நிலை குறித்து எதையும் அறியாதது.’

தொட்டி நான், கடத்தி தாரிகா. அதன் கீழ் பென்சிலால் கோடு போட்டேன். ஸ்கேல் வைத்துத்தான் போட்டேன்.

பதினைந்தாம் நாள் தாரிகாவைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனேன். ரங்கராஜுக்கு ஷிப்ட். விசாலாட்சி அக்கா டயப்பர் பையை எடுத்துக்கொண்டு கூட வந்தார். அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கதவு, அதில் ‘ஸ்டோர்’ என்று எழுதியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் என்னவோ மூன்று முறை இருமியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன்.

ஆறுச்சாமி ஏற்கெனவே வந்திருந்தார். அறுபது வயது இருக்கும், வெள்ளை வேட்டியில் கிரீஸ் கறை. பக்கத்து நாற்காலியில் தன் பம்ப்பையும் அதனுடன் ஒரு சின்னத் தொட்டியையும் உட்கார வைத்திருந்தார். தாரிகாவை வெகுநேரம் பார்த்தார்.

“இருவது வருசம் ஆச்சுங்க எனக்கு, இதைக் கண்டுபிடிக்க” என்றார். “பாப்பா எட்டு மாசத்துல பண்ணிட்டா.”

“பொறந்த அன்னிக்கே பண்ணிட்டாளுங்க” என்றார் விசாலாட்சி அக்கா.

“அக்கா, சும்மா இருங்க.”

“இருக்கறதைத்தான கண்ணு சொன்னேன்.”

ஆறுச்சாமி கோபப்படவில்லை. “எனக்குப் பாப்பாமேல ஒண்ணுமில்லீங்க. இவளை விட்டா நாளைக்கு ஊர்ப்பட்ட குழந்தைக இப்படியே குடிக்கும். அப்புறம் என் பம்ப்பை எவன் மதிப்பான்?” அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

மயில்சாமி என்னைப் பேசச் சொன்னார். எழுந்து நின்று ஏழாவது கோரிக்கையைப் படித்தேன். “சார், இந்தத் தொட்டிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கு. எனக்குத் தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“இவளுக்கு என்ன ஆகப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியுமுங்க. எப்பவும் பயமாவே இருக்குங்க.”

“பயம் அளவுல வருமுங்களா?” என்று ஆறுச்சாமி கேட்டார்.

“வெச்சுப் பாத்தாத் தெரிஞ்சிருது” என்றார் மயில்சாமி.

முக்காலியை நிறுத்தினார். தாரிகாவை மேஜைமேல் உட்கார வைக்கச் சொன்னார். ஒரு சிவப்புப் புள்ளி அவள் நெற்றிக்கு மேலே, முடியில். இன்னொன்று என் வலது மணிக்கட்டில். என்னை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டடி. அதற்கு முன் அவ்வளவு தூரம் நின்றதில்லை. கதவுக்குப் பின்னால் மறுபடி இருமல் கேட்டது.

யாரும் அவளைத் தள்ளவில்லை. அவள் தலையை அசைத்ததும் முடியில் இருந்த புள்ளி நழுவி மேஜை விளிம்பில் விழுந்தது. அதைப் பிடிக்கத் தாரிகா குனிந்தாள். சாய்ந்தாள். அவள் என் கையில் இருந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மயில்சாமி காகிதத்தைக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “குழந்தை சாயத் தொடங்கினது பதினொண்ணு நாப்பத்திரெண்டு, எட்டு புள்ளி ஆறு செகண்ட். அம்மிணி கை கிளம்பினது எட்டு புள்ளி ரெண்டு.”

“மிசின் தப்புங்க” என்றார் ஆறுச்சாமி.

மயில்சாமி அதையும் சோதித்தார். மேஜை விளிம்பில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துத் தட்டிவிட்டார். என் கை அசையவில்லை. டம்ளர் விழுந்து நசுங்கியது. ஆறுச்சாமியின் பம்ப்பை வைத்துச் சாய்த்தார்கள். தொட்டி சும்மா இருந்தது. ஆறுச்சாமியின் கையும், பம்ப் தரையில் விழுந்த பிறகுதான் போனது. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“இருவது வருசமுங்க” என்றார் கையிடம். பிறகு பம்ப்பை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

தீர்ப்பை மயில்சாமி அங்கேயே எழுதினார். தொட்டி, நடக்கப்போவதை நொடியில் பத்தில் நான்கு பங்கு முன்னதாக அறிகிறது, ஆகவே இது வேறு அமைப்பு, மீறல் இல்லை. குழந்தை தன் முறையிலேயே குடிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: மாதம் ஒருமுறை கை எவ்வளவு முந்துகிறது என்று அளந்து பதிவுசெய்ய வேண்டும். நான் “தேங்க்யூ சார்” என்றேன். ஆறுச்சாமி பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, “மூணுக்கப்புறம் அந்த மூச்சு விடறா பாருங்க, அதுதான் சூட்சுமம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டிசம்பரில் அளந்தபோது கை நான்கு நொடி முந்தியது. ஜனவரியில் அரை மணி நேரம். காலை பத்து மணிக்குக் கை போய்த் தாரிகாவின் நெற்றியில் அமர்ந்துகொள்ளும், பத்தரைக்குக் காய்ச்சல் வரும். எனக்குச் சௌகரியமாகவே இருந்தது, ஆனால் கை போகும் இடத்துக்கெல்லாம் நானும் போக வேண்டியிருந்தது. துணி காயப்போடுவதெல்லாம் பாதியில் நின்றது.

பிப்ரவரியில் அது இரண்டு நாளானது. சனிக்கிழமை அவள் சறுக்கி விழப்போகும் படிக்கட்டில் வியாழக்கிழமையே கை போய்க் காத்திருந்தது. இரண்டு நாள் படிக்கட்டில் உட்கார என்னால் முடியாது, உலை வைத்திருந்தேன். ஆகவே அன்றிலிருந்து கை மட்டும் போய்வந்தது. தொலைந்துபோகாமல் இருக்க மயில்சாமி அதன்மேல் என் போன் நம்பர் எழுதிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிக் கொடுத்தார். ரங்கராஜ், “சாப்பாட்டு நேரத்துக்காவது வரச் சொல்லு” என்றார். சனிக்கிழமை தாரிகா விழவில்லை.

மே மாதம் ஒரு காலையில் தோசையைத் திருப்பப் போனேன். வலது கை இல்லை. இடது கையால் திருப்பினேன், கொஞ்சம் பிய்ந்தது. தாரிகா தரையில் உட்கார்ந்து இட்லித் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். போன் வந்தது.

“மேடம், நான் அவினாசி ரோட்ல, ஸ்கூல் வாட்ச்மேன் பேசறனுங்க. உங்க கை இங்க வந்திருக்குதுங்க.”

“எங்கங்க நிக்குது?”

“கேட்டுக்கு வெளியில, ரோட்டைப் பாத்துட்டு நிக்குது. பஸ்ஸு லாரி வந்தா அப்படியே நீட்டி நிறுத்துது. இன்னும் அட்மிஷனே ஆரம்பிக்கலைங்களே, எந்தக் குழந்தைக்குங்க?”

“தாரிகாவுக்குங்க. எல்.கே.ஜி.க்கு. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.”

“அப்பச் சரி” என்றார். “மழை வர்ற மாதிரி இருக்குது. உள்ள உக்கார வெக்கட்டுங்களா?”

“வேண்டாங்க, உட்காராது. ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் போட்டு விட்டுருங்க.”

“போட்டு விட்டர்றனுங்க. அதுக்குப் பக்கத்துல இன்னும் நாலு கை நிக்குதுங்க, அதுகளுக்கும் சேத்தே போட்டு விட்டர்றேன்.”