நாமக்கல்லில் விட்டுப்போன பந்து

சென்னிமலை கனடாவிலிருந்து வந்து இறங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் முகம்மது ஹனீபுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. பன்னிரண்டு வருடம் ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா என்ன? பொண்டாட்டி ஷாஜாதியிடம்கூட அவன் மூச்சு விட்டதில்லை.

ஹனீபுக்கு நாமக்கல் கடைவீதியில் கயிற்றுக்கடை. அவனும் சென்னிமலையும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு, அப்புறம் ஒரே கிரிக்கெட் டீம். சென்னிமலை பந்து போடுவான், ஹனீப் விக்கெட் கீப்பர். மைதானத்தில் விரிக்கிற தேங்காய்நார் மேட்டிங் ஹனீபின் அத்தா கொடுத்தது. அதனால் அதை இழுத்துப் பிடித்து ஓரத்தில் ஆணி அடிக்கிற வேலையும் மகன் தலையில் விழுந்தது. காலையில் ஒருமுறை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை. வெயிலில் நார் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் பந்து விழுந்தால் கடித்துக்கொண்டு எங்கோ திரும்பும்.

எழுபத்து மூன்றில் மதராஸிலிருந்து ஒரு கம்பெனி டீம் ஆட வந்தது. கூடவே அந்தக் கம்பெனியின் மேனேஜரும் வந்திருந்தார். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை போட்டுக் கொடுப்பார் என்று பேச்சு. சென்னிமலை அப்போது லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஆணி இறுக்கப் போன ஹனீப், சென்னிமலையின் பந்து வழக்கமாக விழுகிற இடத்தில் மட்டும் ஆறு ஆணிகளை ஒப்புக்குத் தட்டிவிட்டு வந்தான். சென்னிமலைக்குத் தெரியாது. பந்து பாம்பு மாதிரி நெளிந்தது. ஏழு விக்கெட். மேனேஜர் அவனைக் கையோடு மதராஸுக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து இரண்டே வருடத்தில் கனடா. அங்கே தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், ஒருநாள் அந்த நாட்டு டீமிலேயே இடம்.

இந்தியாவுக்கு ஆடியிருந்தால் ஊரே போஸ்டர் ஒட்டியிருக்கும். கனடாவுக்கு ஆடினவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "பனியில எப்படீங்க ஓடறது?" என்று கேட்டார்கள். அவனும் சளைக்காமல் பதில் சொன்னான். ஆனால் ஆள் ஓய்ந்துபோயிருந்தான். அவன் கனடாவுக்காக இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அவனுடைய அம்மா பொன்னாத்தாள் போய்ச் சேர்ந்தாள். தந்தி கனடாவுக்குப் போய்க் கதவடியில் கிடந்தது. இங்கே குழிமேட்டில் மண் தள்ளியவர்களில் ஹனீபும் ஒருவன்.

கடைக்கு வந்த சென்னிமலை கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்தான்.

"ஹனீபு, அடுத்த வருசம் மறுபடி பெரிய போட்டி. எனக்கு முப்பத்தாறு ஆச்சு. என்னை எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறாங்க. அந்த நாமக்கல் பந்து மட்டும் வந்துட்டா எடுத்துருவாங்கடா."

"எந்தப் பந்து?" ஹனீப் கணக்கு நோட்டை மூடி வைத்தான்.

"ஏழு விக்கெட் எடுத்தனே, அந்தப் பந்து. அங்க போனதுல இருந்து ஒரு தடவைகூட வர மாட்டீங்குது. அதைத் தேடித்தான் லீவு போட்டுட்டு வந்திருக்கறேன். அதே மேட்டிங்கை விரி. நீ கீப்பிங் நில்லு. இந்த மண்ணுல போட்டா வந்துரும்."

ஹனீப் குடோனிலிருந்து பழைய மேட்டிங்கை எடுத்துத் தட்டினான். மறுநாள் காலையில் இருவரும் மைதானத்தில் நின்றார்கள். ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு ஹனீப் கொஞ்ச நேரம் குந்தியே இருந்தான். இன்றைக்கும் ஆறு ஆணியைத் தளர்த்திவிட்டால் போதும், பந்து திரும்பும், அவன் சிரித்துக்கொண்டே விமானம் ஏறுவான். அப்புறம் அங்கே போய், இல்லாத பந்தை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டி அசிங்கப்படுவான். ஹனீப் ஒரு ஆணி விடாமல் ஓங்கி அடித்தான்.

சென்னிமலை ஒரு மணி நேரம் போட்டான். நல்ல பந்துகள்தாம். எல்லாம் நேராக வந்து ஹனீபின் கையில் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் தோளைப் பிடித்துக்கொண்டு, "இரு, இதோ வந்துரும்" என்றான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை.

"போதும் உடு, சென்னி." ஹனீப் கிளவுஸைக் கழற்றிக் கீழே போட்டான். "அந்தப் பந்து உன் கையில இருந்ததே இல்ல. நாந்தான் ஆணிய இறுக்காம உட்டேன். ஆறு ஆணி. உனக்கு ஒரு வழி பொறக்கோணும்னு பண்ணிப்போட்டேன்."

சென்னிமலை மேட்டிங்கைப் பார்த்தான். ஹனீபைப் பார்த்தான். பிறகு அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினான். வரிசையாகத் தையல் தழும்பு.

"ரெண்டு தடவை அறுத்தாங்க. அந்தப் பந்து வரோணும்னு கை சுத்தற விதத்தையே மாத்துனேன். என்னையே நான் திட்டாத திட்டு இல்லடா."

அவன் இரண்டு அறை விட்டிருந்தால் ஹனீபுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் அடிக்கவில்லை.

"நீ அன்னைக்கு ஒழுங்கா இறுக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ரெண்டு விக்கெட் எடுத்திருப்பே. மேனேஜர் காப்பியக் குடிச்சுட்டுக் கார் ஏறியிருப்பாரு."

"நானு?"

"நீ இங்கதான் கெடந்திருப்பே. பட்டறையில பாடி கட்டிட்டு, சாயங்காலமானா கடைக்கு வந்து என் உசுர வாங்கிட்டு, ராத்திரி ஆத்தா கையில சோறு தின்னுட்டு."

சென்னிமலை பொத்தானைப் போடப் பார்த்தான். அது துளையில் சேரவில்லை. விட்டுவிட்டான்.

"இருந்திருக்கலாம்டா" என்றான்.

அதில் கோபம் துளியும் இல்லை. வெறும் அலுப்பு. ஹனீபுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவன் அன்றைக்கு மேனேஜரோடு கார் ஏறிப் போன மறுநாள் சாயங்காலம், கடையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, ஹனீபும் இதையேதான் நினைத்தான்.