ஓஸ்வால்ட் காம்பவுண்டுப் பெண்கள்

காக்ஸ் டவுனில் ஓஸ்வால்ட் காம்பவுண்டு என்றால் அந்தக் காலத்தில் ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஓஸ்வால்ட் அங்கிளின் வீடு முன்னால் சின்னது, பின்னால் இருந்த செம்மண் காலியிடம் பெரியது. அந்தச் செம்மண்ணில்தான் அவருடைய மகள் பிரிஜெட் மிஸ் எங்களுக்கு பாஸ்கெட்பால் பழக்கினார். நான் நோரா. ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே போவேன். 1941இல் எனக்குப் பன்னிரண்டு வயது.

மிஸ் எங்கள் மிடில் ஸ்கூலில் டிரில் டீச்சர். இருபத்து நான்கு வயதிருக்கும், அதிர்ந்து பேசவே மாட்டார். பெரிய வகுப்புப் பெண்கள் இப்படித் துள்ளிக் குதிப்பது நன்றாக இல்லை என்று பெற்றோர் யாரோ புகார் சொல்ல, பள்ளிக்கூடத்தில் பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மிஸ் அதற்காகச் சண்டை போடவில்லை. அப்பாவின் காலியிடத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு பழைய தந்திக் கம்பங்களை நட்டு, பிளாக்பள்ளிக் கொல்லரிடம் இரும்பு வளையம் அடித்து மாட்டினார். வலை கிடையாது. பந்து வளையத்துக்குள் போனதா, வெளியே போனதா என்று முதலில் எங்களுக்குள் தினமும் தகராறு. பிறகு சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகிவிட்டோம்.

விளையாட்டுக்குத்தானே என்று வந்த பெண்களுக்கு முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்துவிடும். காலை ஐந்தரைக்கு வர வேண்டும். பனியில் எதிரே நிற்பவள் முகம் தெரியாது. தோல் பந்தின் வார் முடிச்சு பட்டு விரல் நகம் கன்றிப்போகும். அழுதால் மிஸ் வந்து விரலைத் தடவிக் கொடுப்பார். "வலிக்குதா? சரி, இடது கையால போடு" என்பார். அவருக்கு ஜெயிக்க வேண்டும். அதை அவர் ஒளித்ததே இல்லை.

எங்களில் சிறந்தவள் ஜெயலக்ஷ்மி. அல்சூர்க்காரி. தாத்தா காலத்திலிருந்தே அவர்கள் குடும்பம் மைசூர் அரசாங்க உத்தியோகம். அப்பா சேஷகிரி தினமும் கோட்டும் தலைப்பாகையுமாகச் சிட்டிப் பக்கம் ஆபீசுக்குப் போவார். ஜெயா பந்தைத் துரத்த மாட்டாள். பந்து எங்கே வரப் போகிறதோ அங்கே முன்னாலேயே போய் நிற்பாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "தெரியறதே" என்பாள்.

டிசம்பரில் சேர்ந்தாற்போல் சில நாட்கள் அவள் வரவில்லை. எங்களோடு ஆடும் ஜூடித் என்பவள்தான் சேதி கொண்டுவந்தாள்.

"மிஸ், ஜெயா பெரியவளாயிட்டாளாம். இனிமே அனுப்ப மாட்டாங்களாம்."

மிஸ் பந்தின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை. முந்தின வருஷம் இரண்டு பேர் இதே மாதிரிதான் நின்றுபோனார்கள். அப்போதெல்லாம் அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை. இந்த முறை, "நோரா, சாயங்காலம் என்கூட அல்சூர் வரியா?" என்றார்.

சேஷகிரி எங்களை மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். வெள்ளி டம்ளரில் காபி வந்தது. ஜெயா உள்ளறைக் கதவோரம் தாவணியில் நின்றிருந்தாள். சட்டென்று என்னைவிடப் பெரியவளாகிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அவளிடம் பேசக் கூச்சமாக இருந்தது.

"நன்னா ஆடினாள், கேள்விப்பட்டேன், சந்தோஷம்" என்றார் சேஷகிரி. "ஆனா இனிமே சரிப்படாது மிஸ். நீங்களும் புரிஞ்சுப்பேள்."

"புரியுது சார். ஆட அனுப்பச் சொல்லிக் கேக்க வரல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ இல்லாம ஆடணும்னா டீமையே மாத்தணும். யாரு எங்க நிக்கணும்னு என்னைவிட அவளுக்குத்தான் ஜாஸ்தி தெரியும். கிரவுண்டு ஓரமா உக்காந்து சொல்லிக் குடுத்தாப் போதும். ஆம்பளைங்க யாரும் அங்க வர மாட்டாங்க. அம்மாவும் கூட வரட்டும்."

அம்மா என்றதும் சேஷகிரி உள்பக்கம் திரும்பினார். ஜெயாவின் அம்மா ருக்மிணி மாமி உள்ளே நின்று மகளையே கவனித்துக்கொண்டிருந்தார். அப்போதும் மகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்: "சாயங்காலம்னா எனக்குச் சிரமம் இல்லை."

அவர்களுக்காக மிஸ் சாயங்காலமும் பழக்கம் வைத்தார். அப்படித்தான் மாமி எங்கள் காம்பவுண்டுக்கு வந்தார். முதல் நாள் ஒன்பது கெஜப் புடவையில், ஒரு கூடை அவரைக்காயோடு வந்து கொய்யா மரத்தடியில் பாயை விரித்துக்கொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் உரித்தார். ஜெயா பக்கத்தில் உட்கார்ந்து, "நோரா, பின்னாலே போ. இன்னும் பின்னாலே. அவளை விட்டுடு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் இடத்தில் என்னைத்தான் போட்டிருந்தார்கள். என் கால்கள் அவள் சொன்னதைக் கேட்டன. பந்து மட்டும் கேட்கவில்லை.

சில நாட்களில் மாமி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு காய் உரிக்கும் கை நடுவில் நின்றுபோக ஆரம்பித்தது. ஒருநாள் பழக்கம் முடிந்து நாங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மிஸ்ஸிடம் கேட்டார்.

"அந்தக் குட்டையான பொண்ணு பந்து கைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கிறா. கவனிச்சேளோ?"

குட்டையான பெண் ஜூடித். நாங்கள் யாரும் கவனித்ததில்லை. மிஸ் மறுநாள் கவனித்தார். உண்மைதான்.

அன்று திரும்பும்போது மிஸ் அவரிடம், "நீங்க சின்ன வயசுல ஏதாச்சும் ஆடுவீங்களாங்க?" என்று கேட்டார். மாமி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பன்னண்டு வயசுல கல்யாணம் பண்ணி இங்க கொண்டு வந்துட்டா. அதுக்கு முன்னாடி ஓடியிருப்பேன். ஞாபகம் இல்லை."

பிப்ரவரியில் ஷீல்டு ஆட்டம். இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். எதிரே சிட்டி அணி, ஆட்டம் அவர்கள் மைதானத்தில். சிட்டிப் பெண்கள் எல்லோரும் கன்னடக்காரர்கள். அவர்களைப் பழக்கிய அனந்தபத்மநாபன் வெள்ளைக் கால்சட்டையில் விறைப்பாக நின்றார். எங்களிடம் சரியாக ஐந்து பேர்தான். மாற்றாளாக இருந்த ஒருத்தியையும் கோலாருக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அழைத்துப்போய்விட்டார்கள். ஜெயாவும் மாமியும் தடுப்புக் கயிற்றின் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள்.

பாதி ஆட்டம் வரை சமமாகத்தான் போனது. பிறகு ஜூடித் துள்ளி விழுந்தாள். கணுக்கால் கண்ணெதிரிலேயே வீங்கியது. மிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார வைத்தார். நடுவர் வந்து மிஸ்ஸிடம் கன்னடத்தில் கேட்டார்.

"இன்னொப்பளு இத்தாளா?"

இன்னொருத்தி இருக்கிறாளா என்று அர்த்தம். மிஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஜெயாவின் பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லை. அந்த வீட்டில் கொடுத்த வாக்கை அவர் மீறுவதாக இல்லை.

"இத்தாளெ" என்று குரல் வந்தது.

ருக்மிணி மாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார். இருக்கிறாள் என்று சொன்னவர், குனிந்து மகளின் தாவணித் தலைப்பை இழுத்து இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகினார். பாவாடையை ஒரு சாண் தூக்கிக் கட்டினார்.

"அம்மா, அப்பா..." என்றாள் ஜெயா.

"அப்பாவுக்கு நான் சொல்லிக்கறேன். நீ போ."

அவள் வந்தாள். இரண்டு மாதமாகப் பந்தைத் தொடாத கை. முதல் பந்து நழுவியது, இரண்டாவதும் நழுவியது. மூன்றாவது முறை, சிட்டிப் பெண் எறிவதற்கு முன்பே ஜெயா அந்த இடத்தில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. அவள் பார்க்கும் திசையில் ஓடினேன், பந்து என் கைக்கு வந்தது. பின்தங்கியிருந்த நாங்கள் எட்டிப் பிடித்தோம். கயிற்றோரம் கூட்டம் நெருக்கி நின்றது.

கடைசியில் ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம்.

ஜூடித் அழுதாள், அவளைப் பார்த்து நானும் அழுதேன். ஜெயா அழவில்லை. மூச்சிரைக்க நின்று தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் எங்கள் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்துவிட்டு, "தோத்தாச்சு. பரவால்ல. நாளைக்கு அஞ்சரைக்கு வந்துடுங்க" என்றார்.

ஜெயா அதற்குப் பிறகு ஆடவில்லை. சேஷகிரி கத்தவில்லை, மகளை மைதானப் பக்கம் அனுப்புவதைத்தான் அடியோடு நிறுத்தினார். பதினைந்து வயதில் கல்யாணம் செய்து தும்கூருக்கு அனுப்பினார்கள். கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மணையில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, இன்னும் பின்னாலே போ என்று கையால் ஜாடை காட்டினாள். அவள் பக்கத்தில் இருந்த பெண்களுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை.

ஆனால் மாமி வருவதை நிறுத்தவில்லை. ஷீல்டு ஆட்டம் முடிந்து சில வாரங்களிலேயே, ஒரு சாயங்காலம் தனியாக வந்து மரத்தடியில் பாயை விரித்தார். மிஸ்ஸுக்கு ஆச்சரியம்.

"வீட்டுல சார் சரின்னாரா?"

"கேக்கலை. போயிட்டு வரேன்னு சொன்னேன். சரின்னார்."

அதே வருஷம், 1942இல், ராணுவம் வந்தது. ஊர் முழுக்கச் சிப்பாய்கள். பக்கத்து நிலங்களோடு சேர்த்து எங்கள் காலியிடத்தையும் லாரி நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். ஓஸ்வால்ட் அங்கிள் கம்பங்களையாவது விட்டுவைக்கச் சொல்லிப் பார்த்தார். ஒரே காலையில் பிடுங்கிச் சாய்த்துவிட்டார்கள். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். மிஸ் அதற்கும் சண்டை போடவில்லை. மாமியையும் என்னையும் அழைத்துக்கொண்டு நேரே சிட்டிக்குப் போய் அனந்தபத்மநாபன் முன்னால் நின்றார். பேசியது மாமிதான், சுத்தமான கன்னடத்தில்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, எங்களுக்காகத் தமிழில் சொன்னார்: "வாரத்துக்கு ரெண்டு நாளு இங்கேயே வந்து ஆடுங்கம்மா. எங்க ஹுடுகிகளுக்கும் நல்ல எதிராளி பேக்கு." அவர்கள் பெண்களுக்கும் நல்ல எதிராளி வேண்டும் என்று அர்த்தம்.

அப்படியாக இரண்டு வருஷம் எதிரணியின் மைதானத்தில்தான் எங்கள் அணி உயிரோடு இருந்தது. ராணுவத் தண்டுப் பகுதியான எங்கள் பக்கத்திலிருந்து சிட்டிக்கு இரண்டு ஜட்காவில் நெருக்கியடித்துக்கொண்டு போவோம். சிட்டிப் பெண்கள் எங்களுக்காகக் கடலை வறுத்து வைத்திருப்பார்கள். அடுத்த வருஷ ஷீல்டை அவர்களிடமிருந்தே ஜெயித்தோம், அன்றைக்கும் கடலை கொடுத்தார்கள். எனக்கு அந்த இரண்டு வருஷம்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இப்போது எந்த மைதானத்தைக் கடந்தாலும் என் கால் ஒரு நிமிஷம் நிற்கிறது.

ஒரு சாயங்காலம். ஆட்டம் முடிந்து ஜட்காவுக்குக் காத்திருந்தோம். யுத்தக் காலக் கட்டுப்பாட்டில் தெரு விளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டிருந்ததால் இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும். மாமி மிஸ் பக்கம் கையை நீட்டினார்.

"அதை இப்படிக் குடுங்கோ, பார்ப்போம்."

மிஸ் பந்தைக் கொடுத்தார். மாமி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் எறிந்தார். பந்து வளையத்தின் பாதி உயரம்கூடப் போகவில்லை. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஜூடித் ஓடிப் போய் எடுத்து வந்து கொடுத்தாள். மறுபடி எறிந்தார், மறுபடியும் எறிந்தார். ஒவ்வொரு முறையும் வளையல்கள் குலுங்கின. முகம் சிவந்து, நெற்றியில் குங்குமம் கரைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அந்த முகத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணை நான் பார்க்கவில்லை.

ஜட்காக்காரர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "இருங்கோ, வரோம்" என்றார் மாமி, கையில் பந்தோடு.