நாத்தனாரின் மனஉறுதி

மாதவிடாய் நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. பின்லாந்தில், குவோபியோ நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். வெளியே பனி கொட்டும்போது எனக்கு மட்டும் உச்சந்தலையிலிருந்து வேர்த்து ஊற்றும். ராத்திரி பொட்டுத் தூக்கம் கிடையாது. போன செவ்வாய் சிக்னலில் நின்றவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் இருந்த பெரியவர் தோளைத் தட்டி எழுப்பினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான்.

டாக்டரம்மா விவரமாகத்தான் சொன்னார். இடுப்பில் ஒட்டும் ஹார்மோன் பட்டை, கையில் தடவும் ஜெல், ஹார்மோன் வேண்டாமென்றால் வேறு மாத்திரை. எனக்குப் பட்டை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடை தெருமுனையில்தான். மூன்று வாரமாக நான் போகவில்லை. காரணம் என் நாத்தனார் சிர்ப்பா. வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் குடியிருப்பின் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் சனிக்கிழமை மூன்று மணி முறை எங்கள் இருவருக்கும். துணியில்லாமல் பலகையில் உட்கார்ந்து நீராவியில் வேகும் அந்த நேரம் முழுக்க அண்ணியின் பிரசங்கம்.

"எனக்கும் வந்துச்சு, போச்சு. மூலிகைக் கஷாயம் குடிச்சேன், ஏரியில ஐஸை வெட்டி முங்குனேன். மிச்சமெல்லாம் மனஉறுதி. உனக்கு அது கிடையாது. வளர்ப்பு அப்படி."

கஷாயமும் குடித்தேன், ஐஸிலும் முங்கினேன். பல் தந்தியடித்ததுதான் மிச்சம். இப்போது என் அம்மாவையும் இழுத்ததில் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி துண்டைச் சுற்றிக்கொண்டு வாளியை நிரப்பப் போனதும், அடுப்போரம் அவர் யாருக்கும் விடாத இடத்தில் போய் வேண்டுமென்றே உட்கார்ந்தேன்.

தொடையில் ஏதோ ஒட்டியது. உரித்துப் பார்த்தேன். டாக்டரம்மா காட்டிய அதே பட்டை.

அண்ணி வாளியோடு வந்தார். நான் தூக்கிக் காட்டினேன். அவர் கை தானாகப் பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தது.

"இது எந்த மூலிகை, அண்ணி?"

"குடுடி. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்க வேண்டியது."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம்."

"நான் பஸ்ஸை ரோட்டுல நிறுத்திட்டுத் தூங்குறேன். நீங்க கஷாயம் சொல்றீங்க."

அண்ணி வாளியைக் கீழே வைத்தார்.

"நாலு மணிக்குக் கடையை மூடிருவான், எந்திரி. யார்கிட்டயும் மூச்சு விடாத."

ஈரத்தலையோடு போனோம். வரிசையில் எங்கள் குடியிருப்புக்காரர்கள் மூன்று பேர். என் முறை வந்ததும் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன். "இருமல் மருந்து" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். அந்த மூன்று பேரையும் பார்த்தார்.

"இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார், கடைசி ஆள் காதிலும் விழும்படி. "நான் நாலு வருஷமா ஒட்டிக்கிற பட்டைதான் இவளுக்கும். எடுங்க."