ஒரு நாள் விட்டு ஒரு நாள்

சுருளியம்மாளுக்கு நாற்பத்து நான்கு வயதில் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எட்டு வருடமாக தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை. கணவன் பொன்ராஜ் கேட்டபோது எலும்புக்கு என்று சொல்லிவைத்தாள். அது பொய்யும் இல்லை. சினைப்பை போனதால் உடம்பில் கிளம்பும் சூட்டுக்கும் அதுதான் மருந்து என்ற மிச்சத்தைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சின்னக்கானல் தேயிலை ஃபாக்டரியில் அவளோடு தூள் சலிக்கிறவள் இருதயம்மாள். அந்த மாத்திரை தின்றால் மார்பில் கட்டி வருமாம் என்று போனில் பார்த்ததை ஒரு நாள் சொன்னாள். சுருளியம்மாள் வீட்டுக்குப் போனதும் மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டாள்.

பத்து நாள் போகவில்லை. மெஷின் முன்னால் நிற்கும்போதே நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகத்துக்கு ஏறியது. எல்லோரும் நடுங்கிய மார்கழிக் குளிரில் அவளுக்கு முதுகு நனைந்தது. தூக்கம் போனது. தொட்டதற்கெல்லாம் பொன்ராஜ் மேல் எரிந்து விழுந்தாள். ஒரு நாள் வேலைக்கு நடுவில் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே பனிக்குள் போய் நின்று அழுதாள்.

சேதி கேட்டு ஓடிவந்த பொன்ராஜ், "நான் ஏதும் தப்பு பண்ணிட்டனா, சுருளி?" என்றான்.

எட்டு வருடமாக அடைத்துவைத்திருந்ததை அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். மறுநாள் இருவரும் அடிமாலி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள்.

டாக்டர் ஜிஸ்மி பழைய சீட்டுகளையெல்லாம் நிதானமாக வாசித்தார். சீக்கிரமே சினைப்பை எடுத்தவர்களுக்கு, இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை இந்த மாத்திரை தேவைதான் என்றார். கர்ப்பப்பை இல்லாதவர்கள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் மார்புப் புற்றுநோய் பயம் பெரிதாகக் கூடுவதில்லை என்றும் சொன்னார். பிறகு, "அந்த வயசு வந்தாச்சு. இனி தொடரலாம், நிறுத்தவும் செய்யலாம். சேச்சிக்கு என்ன தோணுது?" என்று கேட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னும் சரி, மாத்திரை தொடங்கும்போதும் சரி, அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"நிறுத்தணும் டாக்டர். ஆனா இப்படி வேகக் கூடாது."

"சட்டுனு நிறுத்தினா ஆபத்துன்னு இல்ல. சூடுதான் மொத்தமா திரும்பி வரும். மெல்லக் குறைச்சா தாங்கிக்கலாம்."

மறுபடியும் மாத்திரை தொடங்கியது, இந்த முறை பாதி அளவில். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். எலும்புக்கு ஸ்கேனும் மார்புக்குப் பரிசோதனையும் எடுத்தார்கள். நடுவில் ஒரு வாரம் சூடு பலமாக வந்தது. பயந்துபோய் போன் செய்தாள். மேற்கொண்டு குறைக்க வேண்டாம், இதே அளவில் இன்னும் ஒரு மாதம் நிற்கட்டும் என்றார் டாக்டர். அது அடங்கியது.

ஆடி மழையில் கடைசி மாத்திரையை விழுங்கினாள்.

இப்போதும் எப்போதாவது சூடு வருகிறது. போன வாரம் சாப்பிடும்போது நெற்றி வேர்த்ததைப் பார்த்து, ஜன்னலைத் திறக்கவா என்று பொன்ராஜ் எழுந்தான்.

"வேண்டாங்க, உக்காருங்க. போயிரும்" என்றாள்.

குழம்பை ஊற்றி முடிப்பதற்குள் போய்விட்டது.