பச்சை மையில் ஒரு தன்னாட்சி

போன வருஷம் எங்கள் கல்லூரிப் பெயர்ப்பலகையில் ஓர் அடைமொழி ஏறியது: ‘தன்னாட்சி பெற்ற’. அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டாள். கேள்வித்தாளை நாமே தயாரித்து, நாமே தேர்வு வைத்து, நாமே திருத்திக்கொள்ளலாம் என்றேன்.

“நானே சமைச்சு, நானே ருசி பார்த்து, நானே பிரமாதம்னு சொல்லிக்கிற மாதிரியா?” என்றாள்.

அன்றிலிருந்து அப்பா முதல் கவளத்தைச் சந்தேகத்தோடுதான் வாயில் வைக்கிறார்.

புள்ளியியலில் இரண்டு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டபோது அந்தச் சந்தேகம் எனக்கும் தொற்றியது. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை தேர்ச்சிச் சான்றிதழோடு போனால்தான் சேர்த்துக்கொள்வார்கள். விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். ஏழாவது கேள்விக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் மட்டும் திருத்தியவரின் பேனாவே படவில்லை. மற்றதிலெல்லாம் பச்சை மை.

குறைதீர்ப்பு அறைக்குப் போனேன். உள்ளே எங்கள் புள்ளியியல் பேராசிரியர். பாடம் நடத்தியவரும் அவர்தான். அந்தத் துறையில் இருப்பதே அவர் ஒருவர்தான். வேலி, பயிர், மாடு மூன்றும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. சட்டைப்பையில் பச்சை மைப் பேனா.

“சார், இதைத் திருத்தினது...”

“அது ரகசியம்ப்பா. எனக்கே தெரியக் கூடாது.”

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஏழாவது விடையை இரண்டு தடவை படித்தார். சரியாகத்தான் இருக்கிறது, ஐந்து மதிப்பெண் வரும் என்றார். போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பக்கத்தையே விட்டுவிட்டுத் திருத்துகிறவனெல்லாம் ஒரு வாத்தியாரா, பிள்ளைகள் வாழ்க்கை விளையாட்டா என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். நான் அந்தப் பச்சை மைப் பேனாவைப் பார்த்தேன்.

மதிப்பீட்டாளர் ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று பச்சை மையில் கடுமையாக ஒரு கடிதம் எழுதினார். உறையில் போட்டு ஒட்டி, மேசையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தினார். விளக்கம் வந்த பிறகுதான் மதிப்பெண் ஏறுமாம். விதியாம். விதியை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை.

“திங்கட்கிழமைக்குள்ள விளக்கம் வந்துடுமா சார்?”

அந்த உறையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“சந்தேகம்தான்ப்பா. அந்த ஆளு சரியான சோம்பேறி.”